எட்டு சேனல் லாஜிக் அனலைசர்: மைக்ரோகன்ட்ரோலர் லேபுக்கு வாங்கலாமா?

மைக்ரோகன்ட்ரோலர் லேபில் புரோகிராம் ஓடவில்லை என்றால் சந்தேகப்பட மூன்று இடம் உண்டு: புரோகிராம் கோடு, வயரிங், சிப். எல்இடி மாட்டிப் பார்த்தால் மினுக்கியதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். சிஆர்ஓ என்னும் ஆஸிலோஸ்கோப்பில் இரண்டு சேனல். திரும்பத் திரும்ப வரும் அலையை அது அழகாகக் காட்டும், ஒரே ஒரு முறை வந்துபோகும் பைட்டை பழைய அனலாக் சிஆர்ஓவில் பிடிக்கவே முடியாது. இந்த இடத்துக்கு வந்திருக்கும் மலிவான லாஜிக் அனலைசர், அதாவது பல லைன்களில் 0, 1 மாறுவதை நேரத்தோடு பதிவு செய்யும் கருவிதான் "24 மெகாஹெர்ட்ஸ், 8 சேனல்" என்று மேலே ஒட்டி வைத்த, கம்பெனிப் பெயர் இல்லாத சின்னக் கறுப்புப் பெட்டி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைன் கடைகளிலும் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இசிஇ, இஇஇ, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மாணவர்கள் மைக்ரோபிராசஸர் லேப் தொடங்கும் செமஸ்டரில் இதை வாங்கினால் காசு வீண் போகாது. எம்பெடட் சிஸ்டம்ஸ், மினி புராஜெக்ட், கடைசி வருட புராஜெக்ட் என எல்லாவற்றுக்கும் வரும். ஆனால் ஒரு லைன் எப்போது மாறியது என்பதைத்தான் இது சொல்லும். எத்தனை வோல்ட் இருந்தது என்பதை மூச்சு விடாது. அதைத் தெரியாமல் வாங்கியவர்கள்தான் "திரையில் எல்லாம் சரியா இருக்கு, சர்க்யூட் மட்டும் ஓடலை" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

பெட்டியும் உள்ளே இருப்பதும்

பெட்டியோடு ஒரு யுஎஸ்பி கேபிளும் (பெரும்பாலும் மினி யுஎஸ்பி), பத்து வயர் கொண்ட ஃபீமேல் ஜம்பர் பட்டையும் வரும். பெட்டியின் ஒரு முனையில் இரண்டு வரிசையாகப் பத்து பின்: எட்டு சேனல், ஒரு கிரவுண்டு, பத்தாவது சில பெட்டிகளில் கிளாக், சிலவற்றில் இன்னொரு கிரவுண்டு. பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்காமல் மாட்ட வேண்டாம்.

முதல் குழப்பம் இங்கேயே தொடங்கும். பெட்டியில் சேனல்கள் 1 முதல் 8 வரை. சாஃப்ட்வேரில் டி0 முதல் டி7 வரை. பெட்டியின் சேனல் 1 என்பது திரையில் டி0. ஐ2சியின் எஸ்சிஎல்லும் (கிளாக்) எஸ்டிஏவும் (டேட்டா) இடம் மாறிப்போய், டிகோடர் (அலையைப் பைட்டாகப் படித்துக் காட்டும் பகுதி) ஒன்றுமே காட்டாமல் நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். மாட்டியவுடனே திரையில் சேனல் பெயரை மாற்றி எழுதிவிடுங்கள்.

உள்ளே இருப்பது சைப்ரஸ் கம்பெனியின் சிஒய்7சி68013ஏ என்ற யுஎஸ்பி 2.0 சிப். சைப்ரஸை 2020-ல் இன்ஃபினியான் வாங்கிவிட்டது. இந்தச் சிப்பின் மையத்தில் இருப்பது சிலபஸில் நாம் உருப்போடும் அதே 8051 மைக்ரோகன்ட்ரோலரின் வேகமான வடிவம், 48 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுவது. "8051 எல்லாம் இப்போ யார் சார் யூஸ் பண்றாங்க" என்று வைவாவில் கேட்கத் தோன்றினால் இந்தப் பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சாம்பிள்களை (அந்தந்தக் கணத்தில் பின்களில் இருக்கும் 0, 1) அள்ளிப் போடுவது அந்த 8051 இல்லை, பக்கத்தில் இருக்கும் தனி ஹார்ட்வேர். அது பின்களில் இருப்பதை எடுத்து 4 கிலோபைட் ஃபிஃபோவில் (முதலில் வந்தது முதலில் போகும் தற்காலிகச் சேமிப்பு) போடும், அங்கிருந்து யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போகும்.

இந்த 4 கிலோபைட்டைக் கவனியுங்கள். சாம்பிளை வைக்கப் பெட்டிக்குள் வேறு சேமிப்பு கிடையாது. ஒவ்வொரு சாம்பிளும் ஒரு பைட். 24 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 24 மெகாபைட். ஃபிஃபோ நிரம்ப சுமார் 170 மைக்ரோ நொடி போதும். அதற்குள் லேப்டாப் வந்து எடுக்காவிட்டால் கேப்சர் பாதியில் நின்றுவிடும். அதே யுஎஸ்பி ஹப்பில் வெப்கேம், பென்டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் இருந்தால் 24 மெகாஹெர்ட்ஸ் தாங்காது. ஹப் இல்லாமல் நேரடி போர்ட்டில் மாட்டுங்கள். அப்படியும் நின்றால் 12 அல்லது 8 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள். கல்லூரிப் பாடத்தில் வரும் முக்கால்வாசி வேலைக்கு அதுவே தாராளம்.

சாஃப்ட்வேர்: விண்டோஸில் இரண்டு முறை

இதற்குப் பொருத்தமானது சிக்ராக் திட்டத்தின் இலவச, ஓப்பன் சோர்ஸ் பல்ஸ்வியூ. சந்தையில் உள்ள பல பெட்டிகள் சேலியே கம்பெனியின் பழைய கருவிக்கு உரிய அடையாள எண்ணை (0925:3881) போட்டுக்கொண்டு வருகின்றன. அதனால் அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரும் ஏமாந்து வேலை செய்யும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தச் சாஃப்ட்வேர் அவர்கள் விற்கும் கருவிக்கானது. பல்ஸ்வியூ இருக்கும்போது அந்தப் பக்கம் போகத் தேவையே இல்லை.

லினக்ஸில் பல்ஸ்வியூவும் இந்தச் சிப் குடும்பமான எஃப்எக்ஸ்2-க்குரிய ஃபர்ம்வேர் பேக்கேஜும் போட்டால் முடிந்தது. ஃபர்ம்வேர் பேக்கேஜை விட்டுவிட்டால் பெட்டி பட்டியலில் வரும், ஸ்கேன் செய்தால் பிழை காட்டும். விண்டோஸில் ஸாடிக் என்ற கருவியால் வின்யுஎஸ்பி டிரைவரை ஏற்ற வேண்டும், அதையும் இரண்டு முறை. காரணம் இதுதான்: பெட்டிக்குள் நிரந்தர ஃபர்ம்வேர் இல்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் பல்ஸ்வியூ ஃபர்ம்வேரை அதன் ரேமில் ஏற்றுகிறது. ஏறியதும் பெட்டி யுஎஸ்பியிலிருந்து கழன்று, 1டி50:608சி என்ற புது எண்ணோடு மறுபடி வருகிறது. விண்டோஸுக்கு அது புது ஆள், அதற்கும் டிரைவர் வேண்டும். முதல் முறை ஸாடிக், பிறகு பல்ஸ்வியூவில் ஸ்கேன், அது தோற்றதும் மறுபடி ஸாடிக், மறுபடி ஸ்கேன். "ஒரு தடவை டிரைவர் போட்டேன், வரலை" என்று பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் பலர் நின்றுவிடுவது இந்த நடுவழியில்தான்.

ஸாடிக்கில் எல்லா டிவைஸையும் காட்டும் வசதியை இயக்கியிருந்தால் பட்டியலில் கீபோர்டும் மவுஸும்கூட இருக்கும். அவற்றின் டிரைவரை மாற்றித் தொலைத்தால் அன்றைய பொழுது போச்சு. எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பெட்டி 04பி4:8613 என்று வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளிருக்கும் சின்ன இஇபிராம் காலியாக இருக்கிறது அல்லது படிக்கப்படவில்லை என்று பொருள். அது சைப்ரஸ் சிப்பின் பிறவி எண், பல்ஸ்வியூ அதையும் ஏற்றுக்கொள்ளும்.

எதையும் மாட்டாமல் ஓட்டிப் பார்த்தால் சில சேனல்கள் தானாகத் துள்ளும். அளந்தால் 20 மில்லி நொடிக்கு ஒரு சுற்று. அது நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான், தொங்கும் வயர் அதைப் பிடிக்கிறது. பழுது இல்லை. பயன்படுத்தாத சேனல்களை அணைத்துவிடுங்கள்.

யுஆர்ட்: 8051 லேபின் நித்தியக் கோளாறு

இந்தப் பெட்டியின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் சீரியல் போர்ட் (யுஆர்ட்) பரிசோதனையில் மாட்டிப் பாருங்கள். 8051-ல் 9600 பாடுக்கு (நொடிக்கு 9600 பிட்) டைமர் ரெஜிஸ்டர் டிஎச்1-ல் ஹெக்ஸ் எஃப்டி போடச் சொல்லியிருப்பார்கள். 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு அது சரியான 9600. கடையில் 12 மெகாஹெர்ட்ஸ் கொடுத்துவிட்டால் அதே எண்ணுக்கு 10417 பாட் வரும், எட்டரை சதவீதம் வேகம். டெர்மினலுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' அனுப்பினால் ஏதோ கிறுக்கல் வரும். கோடில் தப்பில்லை. மாணவர் கோடையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பார்.

அனலைசரில் டேட்டா வெளியே போகும் டிஎக்ஸ்டி பின்னை (8051-ல் பின் 11) ஒரு சேனலில் மாட்டி, 1 மெகாஹெர்ட்ஸில் சாம்பிள் செய்யுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 'யூ'வைத் தொடர்ந்து அனுப்புங்கள். அதன் ஆஸ்கி ஹெக்ஸ் 55. ஸ்டார்ட் பிட் 0, பிறகு 1, 0 மாறி மாறி, கடைசியில் ஸ்டாப் பிட் 1. பத்து பிட்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவதால் ஒவ்வொரு பிட்டின் அகலமும் தனித்தனியாகத் தெரியும். 9600-க்கு ஒரு பிட் 104.2 மைக்ரோ நொடி இருக்க வேண்டும். கர்சரை வைத்தால் 96 வரும். கிரிஸ்டல் 12 என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு படி போகலாம். 'ஏ'வின் ஆஸ்கி ஹெக்ஸ் 41. அனுப்புவது எட்டரை சதவீதம் வேகம், வாங்குவது 9600 என்றால், வாங்கும் பக்கம் முதல் ஐந்து டேட்டா பிட்டைச் சரியாகப் படித்து, ஆறாவதில் ஒரு பிட் தள்ளி விழும். டி5 இருக்க வேண்டிய இடத்தில் டி6, டி7 இடத்தில் ஸ்டாப் பிட். விளைவு ஹெக்ஸ் ஏ1. பல்ஸ்வியூவின் யுஆர்ட் டிகோடரில் 9600 போட்டால் அதுவும் இதே ஏ1-ஐத்தான் படிக்கும். பாட் வேகத்தை 10417 என்று மாற்றினால் 41 ஆகிவிடும். ரெக்கார்டு நோட்டில் இந்த இரண்டு படத்தையும் ஒட்டினால் கிரிஸ்டலை ஏன் 11.0592 என்று தேர்ந்தெடுக்கிறோம் என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

சாம்பிள் வேகம் பிட் வேகத்தைப் போலக் குறைந்தது எட்டு மடங்காவது இருக்கட்டும். 9600-ஐ 20 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் பிட்டுக்கு இரண்டு சாம்பிள், டிகோடர் குப்பையைக் கக்கும். இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு: எதற்கெடுத்தாலும் 24 மெகாஹெர்ட்ஸ். பத்து லட்சம் சாம்பிள் என்று வைத்து 24-ல் ஓட்டினால் பதிவாவது 42 மில்லி நொடிக்கும் குறைவு. ஸ்விட்சை அழுத்தக் கை போவதற்குள் முடிந்துவிடும்.

டைமர் பரிசோதனைக்கும் இதே முறைதான். 12 மெகாஹெர்ட்ஸில் 3சிபி0 ஹெக்ஸ் ஏற்றினால் 50 மில்லி நொடி. 11.0592-ல் அதே எண்ணுக்கு 54.25. இன்டரப்டுக்குள் டைமரை நிறுத்தி, மறுபடி ஏற்றி, ஓட்டும் வரிகளுக்கு ஆகும் சில மைக்ரோ நொடியும் கர்சரில் தெரியும். கணக்கில் 50 வந்து திரையில் 50-க்குக் கொஞ்சம் மேலே வந்தால் அதுதான் காரணம்.

8085 கிட்டில் எதிர்பாராத பயன்

எட்டு சேனலை வைத்துக்கொண்டு 8085 மைக்ரோபிராசஸரைப் பார்க்க முடியாது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. முகவரி, டேட்டா பஸ்ஸை முழுதாகப் பார்க்க முடியாது, ஏடி0 முதல் ஏடி7 வரை மாட்டினாலே சேனல் தீர்ந்துவிடும், ஏஎல்இக்கு (பஸ்ஸில் முகவரி இருப்பதைச் சொல்லும் லைன்) இடமிருக்காது. ஆனால் கன்ட்ரோல் லைன்கள் ஏழே ஏழு: கிளாக் அவுட், ஏஎல்இ, ஆர்டி (ரீட்), டபிள்யூஆர் (ரைட்), ஐஓ/எம், எஸ்0, எஸ்1. கிட்டின் பஸ் கனெக்டரில் இவை வெளியே வந்திருந்தால் புத்தகத்தில் கையால் வரையும் டைமிங் டயகிராம் உயிரோடு திரையில் ஓடும்.

ஒரு எஸ்டிஏ (STA; ஐ2சியின் எஸ்டிஏ வேறு) இன்ஸ்ட்ரக்‌ஷன், அதன் பின் தொடக்கத்துக்கே திரும்பும் ஜேஎம்பி. இவ்வளவுதான் புரோகிராம். எஸ்டிஏவுக்கு 13 டி-ஸ்டேட் (ஒரு கிளாக் சுற்று ஒரு டி-ஸ்டேட்), ஜேஎம்பிக்கு 10. கிரிஸ்டல் 6.144 மெகாஹெர்ட்ஸ் என்றால் உள் கிளாக் 3.072, ஒரு சுற்று 23 டி-ஸ்டேட், ஏறத்தாழ 7.49 மைக்ரோ நொடி. 24 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக்குக்கு எட்டு சாம்பிள் அளவுக்கு விழும், போதும். ட்ரிகரை (பதிவைத் தொடங்கும் குறியை) டபிள்யூஆர் லைனின் இறங்கு முனையில் வையுங்கள், ஒரு சுற்றில் அது ஒரே ஒரு முறைதான் இறங்கும். இப்போது எண்ணிப் பாருங்கள். ஏஎல்இ ஏழு முறை எழும்: எஸ்டிஏவின் நான்கு மெஷின் சைக்கிளுக்கு நான்கு, ஜேஎம்பியின் மூன்றுக்கு மூன்று. ஆர்டி ஆறு முறை இறங்கும். எஸ்1, எஸ்0 இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் ஆப்கோடு ஃபெட்ச், எஸ்1 மட்டும் ஒன்று என்றால் ரீட், எஸ்0 மட்டும் ஒன்று என்றால் ரைட். ஃபெட்ச் மட்டும் ஏன் ஒரு டி-ஸ்டேட் அதிகம் என்பது நான்காவது டி-ஸ்டேட்டில் ஆர்டி மேலே போய் நிற்பதைப் பார்த்தாலே புரிந்துவிடும். இந்த ஒரு பரிசோதனைக்காகவே பெட்டிக்குக் கொடுத்த காசு தகும்.

ஐ2சி: இங்கேதான் இது ஏமாற்றும்

ஐ2சி என்பது எஸ்சிஎல், எஸ்டிஏ என்ற இரண்டே லைனில் சிப்புகள் பேசும் முறை. அதில் முதலில் கிடைக்கும் பலன் முகவரிக் குழப்பம் தீர்வது. எல்சிடிக்குப் பின்னால் வரும் பிசிஎஃப்8574 பலகைக்கு 27 ஹெக்ஸ் என்று ஒருவர் சொல்வார், 8051 புரோகிராமில் 4இ என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், ஏழு பிட் முகவரியை ஒரு இடம் தள்ளி ரைட் பிட்டைச் சேர்த்தால் 4இ. பலகையில் இருப்பது பிசிஎஃப்8574ஏ என்றால் 3எஃப் ஆகிவிடும். பல்ஸ்வியூவின் ஐ2சி டிகோடர் இரண்டு விதமாகவும் காட்டும். ஒன்பதாவது கிளாக்கில் எஸ்டிஏ மேலேயே நின்றால் டிகோடர் நாக் என்று எழுதும், அதாவது அந்த முகவரியில் ஆளில்லை.

24சி02 இஇபிராம் பரிசோதனையில் முதல் பைட் எழுதியாகும், இரண்டாவதுக்கு நாக் வரும். சிப் போய்விட்டது என்று மாற்றுவார்கள். எழுதிய பின் சிப் உள்ளே 5 மில்லி நொடி வரை வேலையில் இருக்கும், அதுவரை பதில் சொல்லாது. திரையில் இரண்டு எழுத்துக்கும் இடையிலான நேரத்தை அளந்தால் உடனே தெரியும்.

இனி ஏமாற்றும் இடம். ஐ2சி லைனைக் கீழே இழுப்பது சிப், மேலே தூக்குவது புல்-அப் ரெசிஸ்டர். 10 கிலோ ஓம் புல்-அப், நீள வயரும் பிரெட்போர்டும் சேர்ந்து 200 பிக்கோஃபேரட் என்று வையுங்கள். ஆர்சி 2 மைக்ரோ நொடி. லைன் 5 வோல்ட்டை நோக்கி மெல்ல ஏறும். இந்தப் பெட்டியின் சிப் 0.8 வோல்ட்டுக்குக் கீழே 0 என்றும் 2 வோல்ட்டுக்கு மேலே 1 என்றும் கொள்ளும், நடுவில் சுமார் 1.4-ல் மாறுவதாக வைத்தால் 0.66 மைக்ரோ நொடியிலேயே 1 என்று பதிந்துவிடும். ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் ஐ2சி சிப்புக்கு 1 என்றால் 3.5 வோல்ட். அதைத் தொட 2.4 மைக்ரோ நொடி ஆகும். திரையில் நேர்கோடாக எழும் அலை, நிஜத்தில் சாய்வாக ஏறிக்கொண்டிருக்கிறது. டிகோடர் எல்லா பைட்டையும் சரியாகப் படித்துக் காட்டும், சிப் மட்டும் பேசாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்களே பிட்-பேங் செய்து (புரோகிராமாலேயே பின்னை மேலே கீழே ஆட்டி), மேலேயும் கீழேயும் ஒரே அளவு டிலே வைத்திருந்தால், எஸ்சிஎல் மேலே இருக்கும் நேரத்தையும் கீழே இருக்கும் நேரத்தையும் அளந்து பாருங்கள். மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால் புல்-அப் போதவில்லை. 4.7 கிலோ போடுங்கள். 8051-ன் போர்ட்டுக்குள் இருக்கும் புல்-அப்பை நம்பி வெளியே ஒன்றும் போடாமல் விடுவதுதான் இந்தக் கோளாறின் பிறப்பிடம்.

இதே குருட்டுத்தனம் வேறு இடத்திலும் வரும். 3.3 வோல்ட் இஎஸ்பி பலகையிலிருந்து 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி ஐசிக்கு நேராக வயர் போட்டால் அனலைசருக்கு 3.3 அப்பட்டமான 1. எச்சி வகைக்குத் தேவை 3.5. சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. 74எச்சிடி போட்டால் 2 வோல்ட்டே போதும். 1.8 வோல்ட் சர்க்யூட்டாக இருந்தால் இந்தப் பெட்டியை எடுக்கவே வேண்டாம்.

எஸ்பிஐ, எல்சிடி, டிஜிட்டல் லேப்

எஸ்பிஐ (கிளாக்கோடு டேட்டா அனுப்பும் இன்னொரு சீரியல் முறை) 4 மெகாஹெர்ட்ஸ் வரை நம்பலாம், கிளாக்குக்கு ஆறு சாம்பிள். அர்டுயினோ ஊனோவில் வழக்கமாக வருவது இதுதான். 8 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் கிளாக்குக்கு மூன்றே சாம்பிள், டேட்டா எந்த முனையில் மாறியது என்பது ஊகமாகிவிடும். டீபக் செய்யும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. சிப் செலக்ட் லைனையும் மறக்காமல் மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் டிகோடர் முதல் கிளாக்கிலிருந்து எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே போகும், நடுவில் ஒரு கிளாக் கூடினாலோ குறைந்தாலோ அதன் பிறகு எல்லா பைட்டும் கோணல். எஸ்டி கார்டு தொடக்கத்தில் 40, நான்கு 00, 95 என்று போய் 01 திரும்பி வந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது. எஃப்எஃப் மட்டுமே வந்துகொண்டிருந்தால் வயரிங்கையும் சப்ளையையும் பாருங்கள்.

16x2 எல்சிடியை நான்கு பிட் முறையில் ஓட்டினால் ஆர்எஸ், எனேபிள், டி4 முதல் டி7 என ஆறு சேனல் போதும். பேரலல் டிகோடரில் எனேபிளின் இறங்கு முனையைக் கிளாக்காக வையுங்கள். தொடக்கத்தில் 3, 3, 3, 2 வருகிறதா, முதல் இரண்டு 3-க்கு நடுவே 4.1 மில்லி நொடிக்கு மேல் இடைவெளி இருக்கிறதா, இவ்வளவே பார்க்க வேண்டியது. எட்டு பிட் முறைக்கு இந்தப் பெட்டி போதாது.

டிஜிட்டல் லேபில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாம்பிளுக்கு நடுவே 41.7 நானோ நொடி இடைவெளி. ரிப்பிள் கவுன்டரை நாண்ட் கேட் வைத்துப் பத்தில் ரீசெட் செய்யும் பரிசோதனையில், 1010 என்ற நிலை சில பத்து நானோ நொடிதான் தங்கும். அனலைசர் அதை ஒரு சமயம் பிடிக்கும், பல சமயம் விட்டுவிடும். "9-க்குப் பிறகு நேராக 0 வருகிறது, கிளிச்சே இல்லை" என்று ரெக்கார்டில் எழுதிவிட்டால் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சும்மா விடமாட்டார். எஃப்பிஜிஏ பலகையின் 50, 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கும் இதற்கு எட்டாது, பிரித்துக் குறைத்த சிக்னலை வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எரித்துவிடாமல் இருக்க

சிப் தாங்குவது 5.25 வோல்ட் வரை. சில பெட்டிகளில் நடுவே 74எச்சி245 பஃபர் இருக்கும், 3.3 வோல்ட்டில் ஓடும் எச்சி வகைக்கு 5 வோல்ட் கொடுப்பதே விதிமீறல், ஓடிக்கொண்டிருக்கும் என்பது வேறு விஷயம். எல்விசி245 இருந்தால் கவலையில்லை. மூடியைத் திறந்து ஐசியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்வது நல்லது.

மாக்ஸ்232-ல் பின் 11, 12 டிடிஎல் பக்கம், அங்கே மாட்டலாம். 13, 14 ஆர்எஸ்-232 பக்கம், மைனஸ் வோல்டேஜ் வரும், அங்கே மாட்டினால் அந்தச் சேனல் போய்விடும். மோட்டார், ரிலே காயிலின் பக்கமும் வேண்டாம், டிரான்சிஸ்டரின் பேஸ் பக்கத்தில் பாருங்கள்.

பெட்டியின் கிரவுண்டு யுஎஸ்பி வழியாக நேராக லேப்டாப்பின் கிரவுண்டு. நடுவே தடுப்பு எதுவும் இல்லை. டிரையாக் டிம்மர், ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத சப்ளை என்று பவர் எலக்ட்ரானிக்ஸ் லேபில் 230 வோல்ட்டோடு நேரடித் தொடர்புள்ள எந்தச் சர்க்யூட்டிலும் மாட்டவே கூடாது. பெட்டியும் போகும், லேப்டாப்பும் போகும், ஆளுக்கும் ஆபத்து. கேட் பல்ஸைப் பார்க்க வேண்டுமென்றால் ஆப்டோகப்ளருக்கு முன்னால், கன்ட்ரோலர் பக்கம் மட்டும்.

மாட்டும்போது கிரவுண்டு முதலில், கழற்றும்போது கிரவுண்டு கடைசியில். இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் உடலில் லேசான லீக்கேஜ் இருக்கும், கிரவுண்டு இல்லாமல் சிக்னல் வயர் முதலில் தொட்டால் அது அந்தப் பின் வழியாகத்தான் போகும். டிகோடர் சம்பந்தமில்லாத பைட்டைக் காட்டினால் முதலில் இழுத்துப் பார்க்க வேண்டியதும் கிரவுண்டு வயரைத்தான்.

வேறு எதை வாங்கலாம்

ராஸ்பெர்ரி பை பிக்கோ கையில் இருந்தால் அதையே லாஜிக் அனலைசராக்கும் ஃபர்ம்வேர் இருக்கிறது, பல்ஸ்வியூவின் புதிய பில்டுகளோடு ஓடும். ஆனால் பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் 8051 கிட்டில் நேராக மாட்டக் கூடாது, லெவல் ஷிஃப்டர் வேண்டும். அந்தத் தொல்லைக்கு இந்தப் பெட்டியே மேல். உள்ளேயே மெமரியும், மாற்றக்கூடிய திரெஷோல்டும் (0, 1 பிரியும் வோல்ட்), 16 சேனலும் கொண்ட டிஎஸ்லாஜிக் மாதிரியான கருவிகள் தரத்தில் வேறு தளம். ஆனால் விலை பல மடங்கு, ஒரு மாணவர் தனியாக வாங்குவதைவிடத் துறையோ கிளப்போ வாங்கி வைக்க வேண்டியது.

ஐ2சி பற்றிச் சொன்ன குறைக்கு மருந்து இன்னொரு லாஜிக் அனலைசர் இல்லை, ஸ்கோப்தான். எந்த பைட் தப்பு, எந்த லைன் தப்பு என்று இதில் கண்டுபிடித்துவிட்டு, அந்த ஒரு லைனை மட்டும் லேபில் இருக்கும் டிஎஸ்ஓவில் (டிஜிட்டல் ஸ்கோப்) இரண்டு நிமிடம் பாருங்கள்.

வாங்கும்போது கூடவே வாங்க வேண்டியது இரண்டு. ஐசியின் காலைப் பிடிக்கும் ஹூக் கிளிப் ஒரு செட், முள் நீட்டிய ஒரு 'மேல்' (male) ஹெடர் பட்டை. பெட்டியோடு வரும் ஃபீமேல் வயர் பிரெட்போர்டில் நேராக நிற்காது. இவை இல்லாமல் வாங்கினால் முதல் நாளே வயரை வெட்டிச் சுற்றும் வேலைதான். கூட வரும் மினி யுஎஸ்பி கேபிளின் தரத்தையும் நம்ப வேண்டாம், பெட்டி அடிக்கடி காணாமல் போனால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.